இராமநாதபுரத்தில் பயோஃபீட்பேக் சிகிச்சை: எட்டு அமர்வுகளுக்குப் பின்

மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் 11 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். படகுகள் கடலுக்குப் புறப்படும் நாள்களில் விடியற்காலையில் கணக்குப் புத்தகத்தின் மீது குனிந்தால் நிமிர்வதற்கு மதியம் ஆகிவிடும். பிடரியில் தொடங்கி இரு பொட்டுகளையும் கயிறு போட்டு இறுக்குவது போன்ற தலைவலி, கடந்த மூன்று ஆண்டுகளாக வாரத்தில் நான்கு நாள்களாவது இருந்தது. மருத்துவர் கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்து, இது தசை இறுக்கத்தோடு வரும் தலைவலி என்றும், மாதத்தில் 15 நாள்களும் அதற்கு மேலும் வலி மாத்திரை விழுங்கி வந்தால் அந்த மாத்திரையே தலைவலியை நீடிக்கச் செய்துவிடும் என்றும் எச்சரித்தார். அதன் பிறகே, இராமநாதபுரம் நகரில் உள்ள ஓர் இயன்முறை மருத்துவ நிலையத்தில் பயோஃபீட்பேக் சிகிச்சைக்குப் பதிவு செய்தேன். உடலுக்குள் நடப்பதைக் கருவியால் அளந்து நம் கண்ணுக்கே காட்டி, அதை நாமே கட்டுப்படுத்தப் பழக்கும் முறை இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்கு வேலை குறைவு என்பதால், வாரம் ஒரு முறை பேருந்தில் சென்று எட்டு அமர்வுகளை முடித்தேன்.

உடலுக்குள் மின்சாரம் செலுத்துவார்கள் என்று அஞ்சியே முதல் நாள் சென்றேன். அப்படி எதுவும் இல்லை. நெற்றியிலும் தோளின் மேல்புறத் தசையிலும் ஒட்டப்படும் வில்லைகள், தசை இறுகும்போது தானாகவே எழும் மிக நுண்ணிய மின்சாரத்தை அளந்து திரையில் ஒரு கோடாகக் காட்டுகின்றன. நான் சும்மா அமர்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கோடோ மேலேயே நின்றது. சிகிச்சை அளித்த பெண், "அக்கா, பல்லைக் கடிச்சிட்டு இருக்கீங்க, தாடையை விடுங்க" என்றார். தாடையைத் தளர்த்திய கணத்தில் கோடு சரிந்து இறங்கியது. நாள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டே கணக்கு எழுதுகிறேன் என்பது அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது.

இரண்டாவது அமர்வில் விரல் நுனியில் வெப்பநிலை அளக்கும் சிறு உணர்கருவியை ஒட்டினார். மனம் பதறும்போது விரல்களில் உள்ள சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கை குளிர்கிறது. அமைதி கூடும்போது அவை விரிந்து விரல் சூடேறுகிறது. அன்று என் விரல் 29 டிகிரியிலேயே நின்றது. பதற்றம்தான் காரணம் என்று நானே முடிவு கட்டியிருப்பேன். ஆனால், வெளியே வெயிலில் வந்தவரை ஏசிக்கு நேர் எதிரில் அமர வைத்தால் அளவு தவறாகவே வரும் என்று அவரே சொல்லி, ஏசியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் தொடங்கினார். கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், அது ஏன் அப்படிக் காட்டுகிறது என்று கேட்கத் தெரிந்தவர் கையில் இந்தச் சிகிச்சை இருந்ததே என் நல்வாய்ப்பு.

எனக்கு மிகவும் கைகொடுத்தது மூச்சுப் பயிற்சிதான். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுப்பதும், விடும்போது மெதுவாவதும் இயல்பு. நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறை மட்டும் மூச்சு விடும்போது இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. திரையில் சீரான அலைபோல அது எழுந்து அடங்குவதைக் கண்ணால் கண்டேன். அந்த வேகம் ஆளுக்கு ஆள் சிறிது மாறும் என்பதால், பல வேகங்களில் மூச்சு விடச் செய்து எனக்குரியதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். வீட்டில் காலையும் மாலையும் 15 நிமிடம் செய்யாவிட்டால் அமர்வுக்கு வருவதில் பயனில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் சோம்பி இருந்த நான்காவது வாரத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை. அவர் சொன்னது சரிதான்.

இப்போது தலைவலி வாரத்தில் ஒரு நாள் வருகிறது, சில வாரங்களில் வருவதே இல்லை. மாத்திரையை மருத்துவரிடம் சொல்லிவிட்டே குறைத்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஓர் அமர்வுக்கு 600 ரூபாய் என்பது கடற்கரைக் குடும்பங்களுக்குச் சிறிய தொகை அன்று. மின்சாரம் போனால் கணினி அணைந்து அன்றைய பதிவு அழிந்துவிடுகிறது. எனக்கு இரு முறை அப்படி ஆயிற்று. பெண்கள் தோளைத் திறந்து அமர வேண்டிய இடத்தில் ஒரு துணித்திரை மட்டுமே இருக்கிறது, கதவு வேண்டும். இவை எல்லாவற்றையும் விட என்னை வருத்தியது வாசல் பலகைதான். சர்க்கரை நோய் முதல் தைராய்டு வரை எல்லாம் தீரும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே அவ்வளவு நேர்மையாக வேலை செய்பவர்களுக்கு வெளியே அந்தப் பலகை தேவையே இல்லை. அதை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு?

பயோஃபீட்பேக் என்ற பெயர் 1969-இல் அமெரிக்காவின் சாந்தா மோனிகாவில் இத்துறையினர் சங்கம் அமைத்த காலத்தில் நிலைபெற்றது. ஆனால் அதற்கு முன்பே, 1948-இல், மகப்பேறுக்குப் பின் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளை இறுக்கப் பழக்குவதற்காக ஆர்னால்ட் கெகல் என்ற மருத்துவர் அழுத்தத்தைக் காட்டும் கருவியைப் பயன்படுத்தினார். இன்றும் இச்சிகிச்சைக்கு வலுவான சான்று உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. அந்தத் தசைகள் தளர்ந்ததால் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது என்பதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு வாழும் பெண்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். மலம் கழிக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்வதால் வரும் மலச்சிக்கலுக்கும், ஒற்றைத் தலைவலிக்கும் இது நன்கு பயன்படுகிறது. இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை மாத்திரைக்குத் துணையாக நிற்குமே தவிர, மாத்திரைக்குப் பதிலாகாது. ‘குவாண்டம்’ என்ற பெயரில், கையில் பிடித்தாலே உடம்பில் உள்ள எல்லா நோயையும் சொல்லிவிடும் என்று விற்கப்படும் பெட்டிகளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

செல்ல விரும்புவோர் முதலில் மருத்துவரிடம் காட்டி நோய் இன்னதென்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பத்து அமர்வுகளுக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை தருவதாகச் சொல்வார்கள். இரண்டு அமர்வுகளுக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். அன்றைக்கு மின்தடை அறிவிப்பு உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.