பழைய இரட்டைக்குழலுக்கு சோக் குடைய நாகர்கோவிலில் ஒரு ஆசான்

மலையோர எஸ்டேட் குடும்பங்கள் சிலவற்றில் லைசென்ஸோடு பழைய பர்மிங்ஹாம் இரட்டைக்குழல் துப்பாக்கி இன்னும் இருக்கும், அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது தாத்தா வாங்கிய 12 போர் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு), இரண்டு குழலும் ஃபுல் சோக், அதாவது குண்டுகள் சிதறாமல் போக வாய்ப்பக்கம் நன்றாகக் குறுக்கியது. ரேஞ்சில் களிமண் தட்டு சுடுவதற்கு இது சரிப்படாது. 20, 25 கெஜத்தில் ஈயக் குண்டுகள் விரியவே விரியாது, தட்டு ஒன்று தூளாகும் அல்லது சீண்டப்படாமல் போய் விழும். வலது குழலை மட்டும் இம்ப்ரூவ்ட் சிலிண்டருக்கு, அதாவது லேசான குறுக்கலுக்குத் திறக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் விசாரித்த கடையில் (பேர் வேண்டாம்) சோக் அளக்கும் பித்தளை கேஜைக் குழல் வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டு, எக்ஸ்ட்ரா ஃபுல், .719 அங்குலம் வரை குடைந்தால் போதும் என்றார்கள். நாகர்கோவில் ஆசான் கேஜைக் கையிலேயே எடுக்கவில்லை. குழலைக் கழற்றிக் கவிழ்த்து, அடித்தட்டில் இருந்த 13/1 முத்திரையை லென்ஸ் வைத்துக் காட்டினார். அதாவது இந்தக் குழலின் உள்விட்டமே .719தான், 12 போருக்கான .729 இல்லை. கேஜோ எல்லாக் குழலும் .729 என்று வைத்துக்கொண்டுதான் சோக்கைச் சொல்கிறது. அவர்கள் சொன்னபடி குடைந்திருந்தால் சோக் என்று ஒன்றே மிஞ்சியிருக்காது! இவர் உள்விட்டத்தையும் வாயையும் தனித்தனியாக அளந்து, சுவர்க் கனமும் பார்த்த பிறகுதான் சரி என்றார். வாய் .684 இருந்தது, .709-க்குக் கொண்டுவந்தார், அதுவும் ஒரே மூச்சில் இல்லை, இடையில் நிறுத்தி ரேஞ்சில் சுட்டுப் பார்க்கச் சொன்னார். "கொறச்சு எடுத்தா பெறவும் எடுக்கலாம் மக்ளே, கூடிப்போச்சுன்னா ஒட்டவா முடியும்?"

40 கெஜத்தில் 30 அங்குல வட்டம் போட்டுச் சுட்டதில் வலது குழல் ஏறக்குறைய பாதிக் குண்டுகளை உள்ளே போடுகிறது, இம்ப்ரூவ்ட் சிலிண்டருக்கு அதுதான் கணக்கு. இடதைத் தொடவில்லை, அது பழையபடி 70 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. தோட்டா அறை 65 மி.மீ. என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். 70 மி.மீ. தோட்டாவும் உள்ளே போய்விடும், ஆனால் வெடித்து விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும், போடாதே என்று கண்டித்தே சொன்னார்.

குறை என்றால் காலதாமதம். சொன்ன தேதிக்குக் கிடைக்காது, போன் எடுக்கமாட்டார், கூலியும் கொஞ்சம் கூடுதல். ஆனால் லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றாமல் துப்பாக்கியை வாங்கவே மாட்டார். குழலை இரண்டு அங்குலம் அறுத்துவிட்டால் சோக் தானே போய்விடுமே என்று கேட்டு வந்த ஒருவரை என் முன்னாலேயே திட்டி அனுப்பினார். அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும், 1959 ஆயுதச் சட்டம் 6-வது பிரிவு.

இன்னொன்று, புதிதாகக் குடைந்த இடம் பளபளவென்று வெறும் இரும்பாக இருக்கும். குளச்சல், முட்டம் பக்கம் வீடு உள்ளவர்கள் கொண்டுபோன அன்றைக்கே எண்ணெய் போட்டுவிடுங்கள், உப்புக்காற்று பொறுக்காது.