ஆட்டோரன்ஸ்: டாஸ்க் மேனேஜர் காட்டாததையும் காட்டும் கருவி

டெஸ்க்டாப் வந்த பிறகும் மூன்று நான்கு நிமிடம் கணினி திணறுகிறதென்றால், கூடவே எழுந்து ஓடும் மென்பொருள்கள்தான் பல நேரம் காரணம். அவற்றை நிறுத்த விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதி இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். அங்கே 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்ற பத்தியில் 'ஹை' என்று போட்டிருந்தால், அந்த மென்பொருள் தொடக்கத்தில் 1 வினாடிக்கு மேல் பிராசஸர் நேரத்தையோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க்கையோ எடுத்துக்கொண்டது என்று பொருள். தனியாகப் பார்த்தால் சின்ன அளவுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பத்துப் பன்னிரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் கேட்கும்போதுதான் சிக்கல். படிக்கும் முள் அங்கும் இங்கும் ஓடியே நேரம் போய்விடும்.

ஆனால் டாஸ்க் மேனேஜர் காட்டுவது ஒரு பகுதியைத்தான். ஷெட்யூல்டு டாஸ்க்காகவும் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) சர்வீஸாகவும் (பின்னணியில் ஓடும் மென்பொருள்) தங்களைப் பதிந்துகொள்ளும் அப்டேட்டர்கள் அந்தப் பட்டியலில் வரவே வராது. அந்த இடைவெளியை அடைப்பதுதான் ஆட்டோரன்ஸ். சிஸ்இன்டர்னல்ஸ் குழுவின் இலவசக் கருவி. 2006-இல் அந்தக் குழுவையே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ஜிப்பை விரித்து, Autoruns64 என்ற கோப்பை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் போதும்.

திறந்ததும் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து மிரட்டும். எதையும் தொடாமல் முதலில் ஃபைல் மெனுவில் சேவ் கொடுத்து இப்போதைய நிலையை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஆப்ஷன்ஸில் 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' போட்டால் பட்டியல் கைக்குள் அடங்கும். ஒன்டிரைவும் டீம்ஸும்கூட அப்போது மறைந்துவிடும் என்பதால் அவற்றை டாஸ்க் மேனேஜரிலேயே நிறுத்துவது சுலபம். லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், சர்வீசஸ் ஆகிய மூன்று டேப்கள் போதும். டிரைவர்ஸ் டேப் பக்கம் போகவே வேண்டாம். அங்கே தவறான ஒரு டிக்கை எடுத்தால் விண்டோஸ் திறக்காமலே போகலாம். பிறகு சேஃப் மோடில் (மிக அவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறை) நுழைந்து அதே டிக்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

நிறங்களைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். மஞ்சள் வரி என்றால் அந்தக் கோப்பே இப்போது இல்லை, எப்போதோ நீக்கிய மென்பொருளின் மிச்சம். அதைத் துடைத்தால் பட்டியல் சுத்தமாகும், வேகம் கூடாது. இளஞ்சிவப்பு என்றால் வெளியீட்டாளர் விவரமோ சரியான டிஜிட்டல் கையொப்பமோ இல்லை. உடனே வைரஸ் என்று முடிவுகட்டிவிடக் கூடாது, பழைய பிரின்டர் மென்பொருள்களும் இப்படி வரும்.

நிறுத்துவதற்கு டிக்கை எடுத்தாலே போதும், டெலீட் கொடுக்காதீர்கள். டிக்கைத் திரும்பப் போடலாம். டெலீட் செய்த பதிவை இந்தக் கருவி திருப்பித் தராது. சாட், கேம் லாஞ்சர், மியூசிக் ஆப், பிரின்டரின் இங்க் அளவு காட்டும் துணை மென்பொருள் ஆகியவற்றைத் தயங்காமல் நிறுத்தலாம். ஆன்டிவைரஸை விட்டுவிடுங்கள். டச்பேட் மென்பொருளை நிறுத்தினால் இரண்டு விரல் ஸ்க்ரோல் போய்விடக்கூடும். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்றவற்றை நிறுத்திவிட்டு, மறுநாள் தமிழில் தட்டச்சாகவில்லையே என்று தேட வேண்டாம். பிரவுசர் அப்டேட்டரை நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்கள் தள்ளிப்போகும். மிச்சமாகும் ஓரிரு வினாடிக்கு அது தகாது.

நாலைந்தாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரே மூச்சில் இருபதை நிறுத்தினால், ஏதாவது கெட்டுப்போகும்போது எதனால் என்று தெரியாது.

ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள கணினியில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தொடக்கத் திணறல் குறையும், அதன் பிறகு நடக்கும் வேலையின் வேகம் பெரிதாக மாறாது. அதற்கு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிதான் மருந்து.

ஆட்டோரன்ஸின் குறை, எது தேவை எது தேவையில்லை என்று அது ஒரு வார்த்தையும் சொல்லாது. சர்வீஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு டாஸ்க் மேனேஜரே போதும். மற்றவர்கள் ஒரு மாதம் கழித்து ஃபைல் மெனுவில் கம்பேர் கொடுத்து, முதலில் சேமித்த கோப்பைத் தேர்ந்தெடுங்கள். இடையில் புதிதாக நுழைந்தவை பச்சையில் தெரியும்.