செங்கோட்டைச் சாரலில் நிற்குமா? பெட்டியில் வரும் கட்டிலும் ஆசாரி கட்டிலும்

கடைக்குப் போனால் எல்லோரும் அலமாரிக் கதவைத் திறந்து பார்ப்பார்கள். நான் இப்போதெல்லாம் தரையில் குந்தி அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன். காசு ஏதோ உருண்டு போய்விட்டது என்று நினைத்துக் கடைப் பையன்களும் கூடவே குனிந்து தேடுகிறார்கள். இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் 4 வருடம் முன்பு ஆன்லைனில் வாங்கிய மூன்று கதவு அலமாரி. தென்காசிக்குப் பக்கத்தில் எங்கள் செங்கோட்டையில் அது முதல் சாரல் பருவத்தைத் தாண்டிவிட்டது. இரண்டாவது சாரலில் கீழ்ப்பலகை பாலில் விழுந்த ரஸ்க் மாதிரி உப்பியது. மூன்றாவதில் கதவு மூடவில்லை.

இப்போது தங்கச்சி பெங்களூரை விட்டு இரண்டு வயது மகனோடு எங்களோடேயே இருக்க வருகிறாள். மாடி அறைக்குக் கட்டில், துணி அலமாரி, இழுப்பறைப் பெட்டி மூன்றும் வேண்டும். கையில் 50,000 ரூபாய். ஒரு மாதம் அலைந்தேன். போட்டியில் இருந்தவை நாலு: அட்டைப்பெட்டியில் பிரித்து வரும் ஆன்லைன் சாமான், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூர்க் கடைகளில் கிடைக்கும் ரப்பர் மரச் சாமான், நம்மூர் ஆசாரி, தென்காசி இரும்பு பீரோ. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிவிடலாம் என்று கிளம்பியதுதான் என் முதல் தப்பு. அலமாரிக்குப் போதுமான பலகை கட்டிலுக்கு ஆகாது. கட்டிலுக்கு வேண்டிய மரத்தை அலமாரிக்குப் போட்டால் காசுக்குக் கேடு.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'எஞ்சினியர்டு வுட்' என்று போட்டிருந்தால் அது ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம். மரச்சீவலையும் தூளையும் பசை போட்டு அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டும் அதுதான், நாராக அரைத்து அழுத்திய எம்.டி.எஃப்பும் அதுதான், தகடு தகடாகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிய பிளைவுட்டும் அதுதான். விலை மலிவாக இருந்து எதுவென்று எழுதவில்லை என்றால் பார்ட்டிக்கிள் போர்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளைவுட்டிலும் இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 303 முத்திரைக்குள் எம்.ஆர். என்று இருந்தால் ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. தண்ணீருக்கென்று வருவது ஐஎஸ் 710. பலகையை வெட்டிய இடத்தில் பச்சையாகத் தெரிந்தால் 'வாட்டர் புரூஃப் சார்' என்பார்கள். பச்சை வெறும் சாயம். ஈரம் தாங்கும் பலகை என்று அடையாளம் காட்டப் போடுகிறார்கள், அந்தச் சாயத்தை யாரும் வாங்கிக் கலக்கலாம்.

இந்த ஊரில் இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் வீட்டுக்குள் எதையும் காய விடாது. மதுரையில் 10 வருடம் நிற்கும் அலமாரி இங்கே நிற்கும் என்று நம்ப முடியாது. ஆனால் என் அலமாரியைக் கொன்றது சாரல் மட்டும் இல்லை. பாதிப் பழி தினமும் வீடு துடைக்கும் தண்ணீருக்கு. பார்ட்டிக்கிள் போர்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் லேமினேட் தண்ணீரை விடாது. விளிம்புதான் திறந்த வாய். கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளில் எட்ஜ் பேண்டிங் என்கிற மெல்லிய பட்டையை ஒட்டிவிட்டு, தரையைத் தொடும் விளிம்பையும் முதுகுப் பக்க விளிம்பையும் மொட்டையாக விட்டுவிடுகிறார்கள். குந்திப் பார்ப்பது இதற்குத்தான். அலமாரி நேராகப் பலகை விளிம்பிலேயே நிற்கிறதா, பிளாஸ்டிக் அல்லது இரும்புக் காலில் நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கட்டிலுக்கு வருகிறேன். ஆன்லைனில் 60க்கு 78 அங்குலக் கட்டில், அடியில் பெட்டியோடு, 11,000 ரூபாய்க்கு வந்தது. படத்தில் அழகு. பிரித்து வரும் சாமானின் உயிர் மூட்டில் இருக்கிறது. இந்த விலைக் கட்டில்களில் பக்கச் சட்டத்தையும் தலைமாட்டையும் சேர்ப்பது பெரும்பாலும் மினிஃபிக்ஸ் என்கிற சின்னத் திருகுப் பூட்டு. அலமாரி ஒரே இடத்தில் நிற்கும், அதற்கு அது போதும். கட்டில் அப்படி இல்லை. ஏறுகிறோம், இறங்குகிறோம், ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் மூட்டு பக்கவாட்டில் ஆடும். ஆட ஆட, மரத்தூள் பலகையில் துளை பெரிதாகும். முதலில் கிறீச் என்று சத்தம், பிறகு நடுவில் தொய்வு. ஒருமுறை கழற்றி வேறு வீட்டில் மாட்டினால் பழைய பிடி திரும்ப வராது. ஈர்க்குச்சியில் பசை தடவித் துளைக்குள் செருகித் திருகினால் கொஞ்ச நாள் ஓடும். அதை நம்பி இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் தூங்க வேண்டாம்.

அடிப்பெட்டியிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. சாரல் மாதத்தில் மெத்தைக்கு அடியில் காற்று போகாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், இலவம் பஞ்சானாலும் ஃபோம் ஆனாலும் சரி. ஹைட்ராலிக்கில் தூக்கும் வகை என்றால் இன்னொரு கவலை. அதில் இருக்கும் கேஸ் குழாய் நாளாக நாளாக அழுத்தம் இழக்கும், தூக்கிய மூடி நிற்காமல் இறங்கும். கீழே சின்னப் பையன் கை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

புனலூரில் பார்த்த ரப்பர் மரக் கட்டில் 19,500. பால் வெட்டி 25, 30 வருடம் ஆன மரத்தைத் தள்ளி, அறுத்து, விரல் கோத்தது போல் துண்டு துண்டாகச் சேர்த்துப் பலகை ஆக்குகிறார்கள். என் அம்மாவுக்கு ரப்பர் என்றாலே விறகுதான். அவள் காலத்தில் அது உண்மையும்கூட. பதம் செய்யாத ரப்பர் மரத்தில் மாவுச்சத்து நிறைய, வண்டு ஒரே வருடத்தில் தூளாக்கிவிடும், நீலம் நீலமாகப் பூஞ்சைக் கோடும் விழும். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் காயவைத்தபின் அதே மரம் நல்ல சாமான் மரம். "ட்ரீட் பண்ணினதா?" என்று கேட்டேன். "பின்னே, இல்லாதே தருமோ சாரே" என்றார் கடைக்காரர். வாய்ச் சொல்லோடு விடாமல் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். குண்டூசித் துளையும் மாவு போல் தூளும் இருந்தால் அந்தக் கடையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட வேண்டும். அங்கே எதுவும் இல்லை. ஒரு விஷயம் மட்டும்: அந்தப் போராக்ஸ் மருந்து தண்ணீரில் கரைந்து வெளியேறும். ரப்பர் மரத்தைத் திண்ணையிலோ சாரல் அடிக்கும் ஜன்னலோரத்திலோ போடக் கூடாது.

இதுவும் பிரித்துத்தான் வந்தது. ஆனால் மூட்டில் நீள போல்ட்டும் உருளை நட்டும். தளர்ந்தால் ஆலன் கீயால் இறுக்கலாம், மரம் பிடித்துக்கொள்ளும். நடுவில் கூடுதல் கால் உண்டு, படுக்கைக்குச் சட்டங்கள், இடையில் காற்று. 11,000க்கும் 19,500க்கும் உள்ள வித்தியாசம் மரத்திலும் இந்த மூட்டிலும் அந்த நடுக்காலிலும்தான் இருக்கிறது.

ஆசாரி அண்ணாச்சி தேக்கில் 48,000 சொன்னார். செங்கோட்டை அறுவை மில்களைத் தாண்டித்தான் அவர் பட்டறைக்குப் போக வேண்டும். மரவாசனையில் பாதி மனசு அங்கேயே விழுந்துவிடும். ஆனால் வாசனைக்கு மயங்கி முன்பணம் கொடுத்தவர்கள் கதையும் இந்த ஊரில் உண்டு. வைரம் பாய்ந்த பகுதியைக் காட்டிப் பேசிவிட்டு, உள்சட்டத்தில் வைரம் ஏறாத வெள்ளை மரத்தைச் சேர்ப்பார்கள். கறையானும் வண்டும் முதலில் தேடுவது அந்த வெள்ளையைத்தான். காயாத மரத்தில் செய்தால் அடுத்த கோடையில் மூட்டு பிளக்கும். எங்கள் அண்ணாச்சி நேர்மையானவர். "தம்பி, தேக்கு உனக்கு வேண்டாம். பழைய வீடு இடிச்ச மரம் கிடக்கு, அறுபது வருசம் காஞ்சது. 26,000 குடு, உன் பேரன் படுப்பான்" என்றார். தரத்தில் இதை மற்ற எதுவும் தொடாது. தோற்றது இரண்டு காரணத்தால். மூன்று மாதம் ஆகும் என்றார். செய்தபின் பிரிக்க முடியாது என்றார். எங்கள் மாடிப்படி திரும்பும் இடத்தில் எப்போதோ ஒரு கட்டில் மாட்டிக்கொண்டு ஜன்னலைக் கழற்ற வேண்டியிருந்தது. சொந்த வீடு, அகலமான படி, பொறுமை இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், பழைய மரம்தான்.

அலமாரியில் தீர்ப்பு வேறு. இரும்பு பீரோவைக் கறையான் தின்னாது, பசை நாற்றம் கிடையாது, தூக்கிப் போட்டாலும் உடையாது. 17,000 சொன்னார்கள். ஆனால் சாரலில் குளிர்ந்த தகட்டில் உள்பக்கம் வியர்க்கும், பட்டுப்புடவையில் ஈர வாசம் ஏறும், பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். ஆன்லைன் பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி 12,500. ஆமாம், சூடு பட்ட அதே வகையைத்தான் திரும்ப வாங்கினேன். துணி ஒன்றும் பெரிய பாரம் இல்லை. இந்தத் தடவை 18 மில்லி பலகை, நாலு பக்கமும் விளிம்பு ஒட்டியது, காலோடு வந்தது. வெளிச்சுவரில் ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி, உட்சுவர்ப் பக்கம் நிறுத்தினேன். அதன் முதுகுத் தகட்டை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள். அந்த 3 மில்லி அட்டைதான் மொத்தப் பெட்டியும் கோணாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆணியைப் பாதியில் நிறுத்தினால் ஒரே மாதத்தில் கதவு இறங்கும்.

இழுப்பறைப் பெட்டி பார்க்கச் சாது. மூன்றிலும் உயிர் எடுக்க அதிகம் வாய்ப்புள்ளது அதுதான். 2016 ஜூனில் ஸ்வீடன் மரச்சாமான் நிறுவனமான ஐகியா அமெரிக்காவில் ஏறக்குறைய 2.9 கோடி இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவை சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்திருந்தார்கள். 2022 டிசம்பரில் அதற்கென்று அங்கே சட்டம் வந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமான துணிப் பெட்டிகள் ஒரு சோதனையில் நிற்க வேண்டும்: இழுப்பறைகளில் பாரம் ஏற்றி, திறந்து வைத்து, 60 பவுண்டு வரை எடையுள்ள குழந்தை தொங்கினாலும் கவிழக் கூடாது. காரணம் நம்மூர் ஏற்றம் இறைப்பவருக்கும் தெரிந்த கணக்குதான். இழுப்பறை வெளியே வர வர பாரம் முன்னுக்கு வருகிறது, திறந்த இழுப்பறையில் ஏறும் குழந்தை நெம்புகோலின் நுனியில் நிற்கிறது. பெட்டியின் உடல் எவ்வளவு லேசோ அவ்வளவு சீக்கிரம் கவிழும். நம் பக்கம் 2025 பிப்ரவரியில் மத்திய அரசு மரச்சாமான்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை வெளியிட்டது. அலமாரி, இழுப்பறை வகைக்கு ஐஎஸ் 17634, கட்டிலுக்கு ஐஎஸ் 17635. வாங்கும்போது அந்த எண்ணைக் கேளுங்கள்.

இதில் பார்ட்டிக்கிள் போர்டு, ரப்பர், தேக்கு என்ற சண்டையே இல்லை. எதுவானாலும் சுவரோடு கட்ட வேண்டும். கனமான தேக்குப் பெட்டி எளிதில் சாயாது, சாய்ந்தால் பிழைப்பதும் எளிதில்லை. பெட்டிக்குள் வரும் எல் வடிவப் பட்டையையும் குட்டித் திருகையும் பெரும்பாலோர் மிச்சச் சாமான் என்று குப்பையில் போடுகிறார்கள். எங்கள் மாடிச் சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு. பிளாஸ்டிக் பிளக் பூச்சிலேயே ஆடியது. அண்ணாச்சியை அழைத்தேன். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் துளை போட்டு, மரக்கட்டை அடித்து இறுக்கி, அதில் திருகு ஏற்றினார். அலமாரிக்கும் அதே வைத்தியம். 300 ரூபாய் வாங்கினார். செலவழித்ததிலேயே உருப்படியான காசு அதுதான்.

வாசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுப் பலகையில் கண் எரிவது பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு. அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. இ1 தரம் என்றால் சோதனை அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராமுக்கு மேல் போகாத பலகை. சூடும் ஈரமும் கூடினால் வெளியேறுவதும் கூடும். ஆடி தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குகிறவர்கள் சாரலுக்குப் பயந்து ஜன்னலை மூடிவிட்டு அதற்குள்ளேயே படுக்கிறார்கள். நான் சித்திரையில் வாங்கி, எல்லாக் கதவையும் திறந்து போட்டு, ஒரு மாதம் யாரையும் அந்த அறையில் படுக்கவிடவில்லை. ஆசாரி சாமானில் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்கிறவர்கள் அதன் முதுகுப் பிளைவுட்டையும் புதுப் பாலிஷையும் மோந்து பார்க்கட்டும்.

கணக்கு முடிந்தபோது ரப்பர் மரக் கட்டில் 19,500, ஆன்லைன் அலமாரி 12,500, இழுப்பறைப் பெட்டி 5,500. மிச்சத்தில் நல்ல மெத்தை.

மருமகன் வந்த அன்றைக்கே கீழ் இழுப்பறையை இழுத்துத் திறந்து அதில் ஏறி நின்றான். அடித்தகடு படாரென்று விட்டுவிட்டது. பெட்டி சுவரை விட்டு அசையவில்லை. அண்ணாச்சியிடம் 6 மில்லி பிளைவுட் துண்டு ஒன்று கேட்டிருக்கிறேன்.