‘இரவு 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்த மாத்திரை: குடிநோய்ச் சிகிச்சை தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

என் அண்ணனின் குடியை நிறுத்த வழி கேட்டு, நானும் அண்ணியும் ஒரு குடிமீட்பு மையத்துக்குச் சென்றோம். அங்கிருந்தவர் அண்ணனை அழைத்து வரச் சொல்லவில்லை. ஈரல், இதயம் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்தெடுத்து வெள்ளைக் காகித உறையில் போட்டு, அதன்மேல் ‘இரவு 1’ என்று மட்டும் எழுதி, “அவருக்குத் தெரியவே வேண்டாம்மா, பொடித்துச் சாப்பாட்டில் கலந்துவிடுங்கள், குடியை அவரே வெறுத்துவிடுவார்” என்றார். மருந்தின் பெயரைக் கேட்டபோது, “பெயர் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?” என்றார். நாங்களும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அந்தத் தவறு எங்களுடையது.

மறுநாள் மாலை அண்ணன் வழக்கம்போல் குடித்தார். கால் மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் செக்கச் செவேலென்று சிவந்து, நெஞ்சு படபடத்து, ஓயாமல் வாந்தியெடுத்து, சுவரைப் பிடித்தபடியே சரிந்தார். அவசரப் பிரிவுக்குக் கொண்டு சென்றபோது இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. “என்ன மருந்து கொடுத்தீர்கள்?” என்று மருத்துவர் கேட்டதும் அண்ணி நீட்டியது அந்த உறையைத்தான். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த மருத்துவர், அறிகுறிகளை வைத்தே இது டைசல்ஃபிராமாக இருக்க வேண்டும் என்று கணித்துச் சிகிச்சையைத் தொடங்கினார்.

உடலுக்குள் செல்லும் ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறுகிறது. அதைச் சிதைக்கும் நொதியை இம்மருந்து முடக்கிவிடுவதால், நச்சு இரத்தத்தில் தேங்கி, மேலே சொன்ன அத்தனையும் நிகழ்கின்றன. சிலருக்கு உயிரே போகலாம். அமெரிக்காவில் 1951-இலேயே ஒப்புதல் பெற்ற பழைய மருந்து இது. முறையாகக் கொடுத்தால் பலருக்கு உதவுகிறது. ஆனால் இது குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. குடித்தால் என்ன ஆகும் என்று அறிந்தவர் அந்த அச்சத்தால் கோப்பையைத் தொடாமல் இருப்பதே இது வேலை செய்யும் வழி. தெரியாமல் கலந்து கொடுத்தால், அஞ்சுவதற்கு அவருக்கு என்ன இருக்கிறது?

கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கடந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும் என்பதும், கடும் இதய நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதும், ஈரலின் நிலையைப் பரிசோதித்தே கொடுக்க வேண்டும் என்பதும், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும்கூட ஆபத்து என்பதும் அந்த மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாத்திரையை நிறுத்திய பின்னும் 14 நாட்கள் வரை அதன் விளைவு நீடிக்கக்கூடும் என்பதால், அந்த இரு வாரங்களும் நாங்கள் உறங்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இதுபோன்ற பெயரில்லாத உறை உங்கள் வீட்டில் இருந்தால், இனி ஒரு மாத்திரையும் கலக்காதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் இன்றே உண்மையைச் சொல்லி, மீதமுள்ள மாத்திரைகளோடு ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் வரலாம் என்பதால், அதையும் மருத்துவரின் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். இப்போது தம் சம்மதத்தோடு வேறிடத்தில் சிகிச்சை பெறுகிறார். ஆனால் அண்ணி பரிமாறும் தட்டை ஒருமுறை உற்றுப் பார்த்த பிறகுதான் இன்றும் அதில் கை வைக்கிறார்.