காதி நீதிமன்றம் போகப் போகிறவர்களுக்கு, எங்கள் அனுபவம்

இலங்கையில் முஸ்லிம்களின் விவாகரத்து, தாபரிப்பு (ஜீவனாம்சம்) வழக்குகளைக் கேட்பது காதி நீதிமன்றம், அதன் நீதிபதிதான் காதி. ராத்தாவின் (அக்காவின்) தாபரிப்பு வழக்கு, அப்புறம் பஸஹ், அதாவது மனைவி காரணம் காட்டிக் கேட்கும் விவாகரத்து, இரண்டுக்குமாக ஒன்றரை வருடம் அங்கே அலைந்திருக்கிறோம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். சட்டத்தரணி தேவையில்லை, காதிக்கு முன்னால் அவர்கள் ஆஜராகவும் முடியாது. எங்கள் பேச்சுத் தமிழிலேயே நாங்களே சொல்லலாம். விண்ணப்பத்தைக் கையால் எழுதிக் கொடுத்தோம், பெரிய செலவு இல்லை. தையல் மெஷினை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற ராத்தாவுக்கு இது சின்ன விஷயமில்லை.

குறை இடத்தில்தான். காதியை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. அவர் தீர்ப்புச் சொல்வது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ். அதாவது அரசாங்கச் சட்டம் கொடுத்த அதிகாரம், ஊர்ப் பஞ்சாயத்து இல்லை. ஆனால் எங்கள் வழக்கு நடந்தது அவருடைய வீட்டு விறாந்தையில். ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாஸ்டிக் கதிரைகள், வெயில் ஏற ஏறக் கதிரையை நிழலுக்கு இழுத்துக்கொண்டே இருப்போம், அடுத்த வழக்குக்காரர் நாலடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். பஸஹ் என்றால் காதியோடு மூன்று ஜூரிமாரும் இருப்பார்கள். எங்களுக்கு வந்த மூன்று பேரும் ஆண்கள், அதில் ஒருவர் தினமும் வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்று சுபஹ் தொழுகிறவர். அவருக்கு முன்னால் ராத்தா அடிவாங்கியதைச் சொல்ல வேண்டும். ஷோல் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, கடைசியில் "செலவுக்குத் தரல்ல" என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

இதே இடத்தில் கணவர் தலாக் கேட்டால் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. காதிக்கு அறிவித்து, சமரச முயற்சிக்கான 30 நாள் போனால் வழி திறந்துவிடும்.

தாபரிப்பில் நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள். உத்தரவு வந்தும் ராத்தாவின் கணவர் காசு கட்டவில்லை. காதியே வசூலித்துத் தருவார் என்று நாலு மாதம் சும்மா இருந்தோம். அப்படி நடக்காது. காதி, நீதவான் (மஜிஸ்ட்ரேட்) நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும், அங்கேதான் தண்டப்பணத்தை அறவிடுவதுபோல அதை அறவிடுவார்கள். ஒரு மாதம் தவறினாலே எழுத்தில் கேளுங்கள். தீர்ப்பு சரியில்லை என்று பட்டால் மேலே கொழும்பில் காதிகள் சபை இருக்கிறது, அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம்.

காதி நீதிமன்றத்தை இழுத்து மூடச் சொல்லும் ஆள் நான் இல்லை. நீதவான் நீதிமன்றக் கட்டடத்தில் கதவு உள்ள ஓர் அறை, சட்டம் படித்த காதி, பெண்களும் காதியாக வர இடம், இவ்வளவுதான் கேட்கிறேன். இப்போதைய சட்டம் ஆண்களை மட்டுமே காதியாக்குகிறது. திருத்தங்களை ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள், அறிக்கை கையளிக்கப்பட்டது 2018இல். அந்த ஒன்பது வருடத்தில் எத்தனை பெண்கள் இப்படி விறாந்தைகளில் உட்கார்ந்திருப்பார்கள்!

போகும்போது விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கணவரின் சம்பள விபரம் ஏதாவது கிடைத்தால் அது, எல்லாவற்றிலும் இரண்டு போட்டோகொப்பி கொண்டுபோங்கள். தவணைத் திகதியை அங்கேயே எழுதி வாங்குங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள், உம்மாவையோ ராத்தாவையோ கூட்டிப்போங்கள்.