பழைய பாய்மரப் படகின் சுக்கான் கட்டமைப்பு: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1984இல் கட்டப்பட்ட 34 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை ஒன்பது ஆண்டுகளாகப் புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வைத்துப் பராமரித்து வருகிறேன். சுக்கானை இயக்கும் சக்கரத்தைத் திருப்பினால் அதன் அச்சிலுள்ள பற்சக்கரம் ஒரு செயினை இழுக்கும். செயினின் இரு முனைகளிலும் கோத்த கம்பிவடங்கள் சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தூணுக்குள் இறங்கி, கப்பிகளில் வளைந்து சென்று, சுக்கான் தண்டில் பூட்டியிருக்கும் கால்வட்ட வடிவ உலோகத் துண்டான குவாட்ரன்ட்டைத் திருப்பும். எளிய ஏற்பாடுதான், ஆனால் சக்கரம் ஒன்றைத் தவிர மற்ற யாவும் தளத்துக்கு அடியில் மறைந்திருப்பதால், பழைய படகுகளில் நெடுங்காலம் யாரும் தொடாமல் கிடப்பதும் இதுவே.

இந்தத் துறைமுகத்தைப் பயன்படுத்துவோருக்கு அந்த அலட்சியம் ஆகாது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இருபுறமும் அலைத்தடுப்புக் கற்கள். நடுவே மணல் தூர்ந்து, வாய்க்கால் அடிக்கடி குறுகிவிடுகிறது. கொண்டல் காற்றில் அலை உடைந்து பின்னாலிருந்து தள்ளும்போது சில நொடிகள் சுக்கான் கைவிட்டாலும் படகு கற்களின் மேல்தான் போய் நிற்கும்.

மூன்றாம் ஆண்டு அக்டோபரில் ஒரு மாலை, முகத்துவாரத்துக்குச் சற்று முன்பாகச் சக்கரத்தில் ஒரு நறநறப்பை உணர்ந்தேன். வெளியிலேயே நங்கூரமிட்டு, பின்னறையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். உடன் வந்திருந்த வம்பாக்கீரப்பாளையத்து மீனவ நண்பர் ஒரே பார்வையில், “தம்பி, கப்பி சுத்தல, கம்பிதான் தேயுது” என்றார். இடப்பக்கக் கப்பி சுழலும் அச்சூசி உப்பில் இறுகிப் போயிருந்தது. அசையாத கப்பியின் மேல் மாதக்கணக்காக உராய்ந்த வடத்தில் ஐந்தாறு இழைகள் துண்டாகி நின்றன. அதே வடம் கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் வெள்ளிபோல் மின்னியது. வளையும் இடத்தில்தான் கம்பி சாகிறது என்பதால், கப்பியின் மேல் கிடக்கும் பகுதியைச் சக்கரத்தைத் திருப்பி வெளியே கொண்டுவந்து பார்க்காத எந்தச் சோதனையையும் நான் இப்போது சோதனையாகக் கருதுவதில்லை.

சக்கரம் உதவாதபோது சுக்கான் தண்டின் தலையில் நேரடியாகப் பூட்டித் திருப்பும் அவசரக் கைத்தண்டைப் பொருத்த முயன்றபோது, தண்டின் தலையை மூடியிருந்த தளமூடி உப்பில் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் திறக்கவில்லை. திறந்த பிறகும் கைத்தண்டு ஒரு பக்கம் நிலைத்தூணில் இடித்தது. எஞ்சினை மெதுவாக ஓட்டி, பாதி வீச்சில் திருப்பியே உள்ளே வந்து சேர்ந்தோம். மறுவாரமே கைத்தண்டை வளைத்து மாற்றியமைத்தேன். இப்போது ஆண்டுக்கு இருமுறை அதைப் பூட்டி, துறைமுகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன்.

வடத்தை வெறுங்கையால் தடவக் கூடாது. அறுந்த இழை விரலுக்குள் ஏறிவிடும். நான்கைந்து மடிப்பு டிஷ்யூ காகிதத்தில் எஞ்சின் ஆயில் நனைத்து வடம் முழுவதும் இழுத்தால், எண்ணெயும் பூசப்படும், இழை அறுந்த இடத்தில் காகிதம் கிழிந்து சிக்கியும் நிற்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் இரு வடங்களையும் மாற்றிவிடுகிறேன். கிரீஸ் வேண்டாம் என்பது என் முடிவு. அது உப்பையும் மணலையும் பிடித்துவைக்கிறது. வாங்கும்போது 7×19 வகையையே கேட்க வேண்டும்: ஏழு புரிகள், புரிக்குப் பத்தொன்பது இழைகள், ஆக மொத்தம் 133. பாய்மரத்தைத் தாங்கும் 1×19 கம்பி வலிமையானதுதான் என்றாலும், கப்பியில் வளைந்து வளைந்து ஓடும் வேலைக்கு உகந்ததன்று. கப்பியின் விட்டம் வடத்தின் விட்டத்தைப்போல் பதினாறு மடங்காவது இருப்பது நல்லது. என் 6 மி.மீ. வடத்துக்குச் சுமார் 100 மி.மீ. கப்பி போட்டிருக்கிறேன். கப்பியின் அடியில் மினுமினுக்கும் உலோகத் தூள் உதிர்ந்திருந்தால், வடம் அதன் பள்ளத்துக்கு நேராக ஓடவில்லை என்று பொருள்.

வடத்தின் இறுக்கம் பார்க்கச் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, குவாட்ரன்ட்டைக் கையால் அசைக்கிறேன், அசையக் கூடாது. அதற்காக முறுக்கிக்கொண்டே போனால் சுக்கானில் நீர் அழுத்தும் உணர்வு கைக்கு வராமல் போய்விடும். வடத்தின் முனையை மடித்துப் பிடிக்கும் கிளாம்ப் போடும் இடத்தில் சேணம்போன்ற பகுதி இழுவை தாங்கும் கம்பியின் மேலும், ‘யு’ போல்ட் வெட்டுமுனையின் மேலும் அமைய வேண்டும். என் படகில் முந்தைய உரிமையாளர் காலத்துக் கிளாம்புகள் நான்கில் இரண்டு தலைகீழாக இருந்தன.

நிலைத்தூணைத் திறக்கத் திசைகாட்டியைக் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது கையில் கிடைத்த இரும்புத் திருகைப் போட்டால் முள் விலகும். பித்தளைத் திருகே சரி.

சுக்கான் தண்டு உள்ளே சுழலும் வளையமான கீழ்ப் புஷ்ஷில் நான் ஒரு தவறு செய்தேன். பழையது தேய்ந்து ஆடியதால், லேத் பட்டறையில் நைலான் கட்டையைக் கடைந்து, உலர்ந்த நிலையில் கச்சிதமாகப் பொருந்தும் அளவில் வாங்கினேன். நீரில் இறக்கிய பத்தாம் நாள் சக்கரத்தை இரு கைகளாலும் இழுக்க வேண்டியிருந்தது. நைலான் நீரை உறிஞ்சிப் பருக்கும். அசிட்டல் என்ற பிளாஸ்டிக் அந்த அளவுக்குப் பருக்காது. மீண்டும் கரையேற்றி, அசிட்டலில், சிறிது இடைவெளி விட்டுக் கடைந்து போட்டது ஆறாம் ஆண்டாக இலகுவாகத் திரும்புகிறது. அதுபோலவே, நீர் புகாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் பேக்கிங்குக்குக் கடைகளில் தண்ணீர்ப் பம்புக்கான கிராஃபைட் கயிற்றை எடுத்துக் கொடுப்பார்கள். கடல்நீரில் கிராஃபைட் துருப்பிடிக்காத எஃகையே அரிக்கும் என்பதால், டெஃப்ளான் கலந்த கயிற்றைத் தேடி வாங்குவதே பாதுகாப்பு.

எண்ணெய் அழுத்தத்தால் சுக்கானைத் திருப்பும் ஹைட்ராலிக் முறைக்கு மாறும்படி நண்பர்கள் சொல்வதுண்டு. வடமும் கப்பியும் உள்ளூர்ப் பட்டறையிலேயே சீராகும், சுக்கானின் நிலையும் கைக்குத் தெரியும் என்பதால் மாற எனக்கு விருப்பமில்லை.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் கரையேற்றும் இடங்களில் விசைப்படகுகள் நிறைந்துவிடும். ஆகவே முழுச் சோதனையைப் பிப்ரவரியிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய சிறு சோதனையைச் செப்டம்பரிலும் வைத்திருக்கிறேன். இந்தப் பிப்ரவரியில் குவாட்ரன்ட் போல்ட்டுகளை இறுக்கிய பிறகும் தண்டுக்கும் அதற்கும் இடையே மயிரிழை ஆட்டம் இருந்தது. கழற்றிப் பார்த்தபோது, இரண்டையும் நழுவாமல் பிணைக்கும் உலோகத் துண்டான சாவி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. புதிய சாவி பொருத்தி, அலுமினியக் குவாட்ரன்ட்டில் எஃகு போல்ட் படும் இடங்களில் அரிப்புத்தடுப்புப் பசை தடவி மூடியிருக்கிறேன். செப்டம்பரில் முதலில் திறக்கப்போவது அந்த இடத்தைத்தான்.