நகைக்கடை கைலென்ஸ்: ரெட்டேரிக்குச் சரி, சிங்கராஜ வனத்துக்கு?

சென்னையின் பாரிமுனையிலும் சௌகார்பேட்டைச் சந்துகளிலும் நகை பார்ப்பதற்கென்று விற்கிறார்களே, அந்த மடக்குக் கைலென்ஸ்தான். ஊசித்தட்டான் (ஊசிபோல் மெலிந்த தட்டான் வகை) பார்க்க அது போதுமா என்பதுதான் கேள்வி. இருநூறு ரூபாய்க்குள் முடியும். தகட்டில் 30 மடங்கு, 21 மி.மீ. என்று பொறித்திருக்கும். 21 கண்ணாடியின் விட்டம், அது சரி; 30 வெறும் கதை. கடையிலேயே சோதிக்கலாம். கூரையில் எரியும் டியூப்லைட்டின் பிம்பத்தை லென்ஸ் வழியாகக் காகிதத்தில் விழவையுங்கள். பிம்பம் கூர்மையாகும்போது லென்ஸுக்கும் காகிதத்துக்கும் இடையே எத்தனை செ.மீ. என்று பார்த்து, 25ஐ அதனால் வகுத்தால் நிஜப் பெருக்கம் கிடைக்கும். 30 மடங்குக்கு இடைவெளி 8 மி.மீ.தான் வரவேண்டும். இதில் இரண்டரை செ.மீ. வரும்; ஆக, 10 மடங்கு.

ஊசித்தட்டான் பார்க்க 10 போதும். குறை வேறு இடத்தில்: உள்ளே இருப்பது ஒற்றைக் கண்ணாடி. நடுவில் தெளிவு, ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகச் சாயம் கசியும். ரெட்டேரி, மாதவரம் ஏரிக்கரைக் கோரையில் உட்காருபவற்றுக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. மஞ்சள் வால் செரியாக்ரியான் என்ற ஊசித்தட்டானுக்கு லென்ஸே வேண்டாம்.

இலங்கையின் சிங்கராஜ வனத்துக்கு மட்டும் இதை எடுத்துப் போகாதீர்கள். நிழலான ஓடைகளில் வாழும் செய்லோனோஸ்டிக்டா என்ற ஊசித்தட்டான் பேரினம் அந்தத் தீவுக்கே உரியது. பெரும்பாலும் கறுப்புடம்பு, வெளிர்நீலத் திட்டு. அண்ணன் தம்பி போல ஒரே சாயல். ஆணின் வால்நுனிக் கொடுக்கு (பெண்ணைப் பற்றும் உறுப்பு) எப்படி வளைகிறது, முன்மார்பின் பின்மடல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். கொடுக்கோ ஏறத்தாழ ஒரு மி.மீ. அங்கே சாயம் கசிந்தால் இல்லாத நீலத்தைக் குறித்து வந்துவிடுவோம். மரநிழல் போனால் இவையும் போய்விடும். எந்த ஓடையில் எது மிஞ்சியிருக்கிறது என்ற பதிவு பிசகினால், காக்கவேண்டிய ஓடையே பட்டியலில் விடுபடும். மூன்று கண்ணாடி ஒட்டிய 10 மடங்கு லென்ஸுக்குக் கூடுதல் காசு கொடுங்கள், தகும்.

பூச்சியைப் பிடிக்க முன் அனுமதி வேண்டும். நான்கு இறக்கைகளையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடியுங்கள். ஒன்றை மட்டும் பிடித்தால் துடித்துக் கிழித்துக்கொள்ளும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, பூச்சியைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும். இரண்டு நிமிடத்தில் நிழலிலேயே விட்டுவிடுங்கள்.

எண்ணூர், காசிமேடு உப்புக்காற்றில் மடக்குத் திருகு சீக்கிரம் துருப்பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், கண்ணாடியில் படாமல்.